மரை தெரிந்த கைக்கு என்ன கூலி?

பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்து தெரியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் இருந்திருக்காது. பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். ஓட்டி டியூஷனுக்குப் போனவர்கள் இன்று ஐம்பதைத் தொட்டிருக்கிறார்கள். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்து அனுப்பிய அந்த வண்டியின் பெயர், 1861-இல் துப்பாக்கி செய்பவர்கள் ஒன்றுகூடித் தொடங்கிய ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் சுருக்கம். சைக்கிள் மெக்கானிக்குகளிடம் கேட்டால் அந்த மூன்றெழுத்துக்கு இன்னொரு பொருளும் சொல்வார்கள். இரண்டு பெடல்களையும் இணைக்கும் அச்சு சுழல்கிற இடத்தில், சட்டத்தின் அடியில் குறுக்காக ஒரு குட்டைக் குழாய் இருக்கும். அதற்குள் வெட்டப்படும் மரையின் அளவுக்கும் பி.எஸ்.ஏ. என்றுதான் பெயர். விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. உலகம் முழுக்க இன்றும் புழங்கும் அளவு இது. அந்தக் குழாயின் இரு பக்கமும் முடுக்கும் கிண்ணங்களில் வலப்பக்கக் கிண்ணம் எதிர் மரை. நாம் வழக்கமாக முடுக்கும் திசைக்கு மாறாகத் திருப்பினால்தான் இறுகும்.

இந்த ஒரு விவரம் தெரியாமல், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என் சைக்கிளை நானே கெடுத்தேன். அச்சுக்கான ‘பிபி செட்’ வெளிநாட்டு இணையக் கடை ஒன்றிலிருந்து வந்திருந்தது. நல்ல ஜப்பானியச் சாமான். சென்னையில் விசாரித்த விலையில் ஏறக்குறைய பாதி. மாட்டுவதற்கு மட்டும் கடைக்குப் போவானேன் என்று வீடியோவைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கை பழகிய திசையில் முடுக்கினேன். உள்ளே உலோகம் கடிபடும் சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை.

மறுநாள் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஆறடிக்கு எட்டடி இடம். கொக்கிகளில் டயர்கள், மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஊறும் செயின், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பேனர்கள். மெக்கானிக் அண்ணன் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். “சாமான்ல குறை இல்ல சார். இது எதிர் மரை. தெரியாம முடுக்கிட்டீங்க” என்றார். எங்கே வாங்கினேன் என்று கேட்கக்கூட இல்லை. மரை வெட்டும் டேப்பை எடுத்து, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று பொறுமையாகப் புது மரை எடுத்தார். துடைத்தார், கிரீஸ் தடவினார், கிண்ணங்களைக் கையாலேயே கடைசிவரை ஓட்டிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. “நூத்தம்பது குடுங்க சார்” என்றார்.

கொடுத்துவிட்டு மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால்தான் இன்று வெட்கமாக இருக்கிறது. அதே பொட்டலத்தைச் சுங்கத்தில் எடுத்துத் தருவதற்கான தாள்களை நிரப்பியதற்காக கூரியர் நிறுவனம் என்னிடம் வாங்கிய கட்டணம் அந்த 150 ரூபாயைவிட அதிகம். அதை நான் முணுமுணுக்காமல் கொடுத்திருந்தேன். ரசீதில் அச்சாகி வந்தால் கொடுக்கிறோம். கறுத்த விரல்கள் கேட்டால் குறைத்துக் கேட்கிறோம்.

வெளிநாட்டு இணையக் கடையா, உள்ளூர்க் கடையா என்ற விவாதம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை போய்த் திரும்பும் ஞாயிறு அதிகாலைகளில், தேநீர்க் கடை வாசலில் நான் கேட்காத வாரமே இல்லை. ஒரு பக்கம் விலை, மறுபக்கம் ஊர்ப்பற்று. இரண்டு பக்கமும் ஒரு கணக்கை விட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். நம் சைக்கிள் கடைகளில் கூலி என்று தனியாக ஒன்று இருந்ததே இல்லை. டயர் வாங்கினால் மாட்டித் தருவார்கள். செயின் வாங்கினால் அளவுக்கு வெட்டிக் கோத்துத் தருவார்கள். சாமானில் நின்ற லாபம்தான் கைவேலைக்குச் சோறு போட்டது. இணையம் வந்து சாமானை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டது. கைவேலை கடையிலேயே நின்றுவிட்டது, அதற்கான பணம் மட்டும் வெளியேறிவிட்டது.

இரண்டு சின்னக் கடைகள்

அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம் போர்ட்ஸ்மவுத். அங்கே பட்லர் சைக்கிள்ஸ் என்றொரு சாதாரண உள்ளூர்க் கடை இருந்தது. அதிலிருந்து 1999-இல் மிட்ச் டால், ஹார்வி ஜோன்ஸ் என்ற இருவர் தொடங்கிய இணையக் கடைதான் ‘விகிள்’. வட அயர்லாந்தில் பாலினூர் என்ற கிராமத்தில் ஜார்ஜ் வாட்சனும் அவர் மனைவி ஜானிஸும் 1980-களின் நடுவில் ஒரு சிறிய கடை வைத்தார்கள். பெயர் பாலினூர் சைக்கிள்ஸ். அதுதான் பிறகு ‘செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ்’ ஆயிற்று. உலகத்து உள்ளூர்க் கடைகளையெல்லாம் கலங்கடித்த இரண்டு பேரங்காடிகளும் பஞ்சர் ஒட்டும் கடைகளாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கின.

அவர்கள் ஏன் அவ்வளவு மலிவாக விற்க முடிந்தது? மொத்தமாக வாங்கியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இந்தத் தொழிலின் விலை அமைப்பு. கியர், பிரேக், கிராங்க் செய்யும் நிறுவனம், சைக்கிள் ஆலைகளுக்கு ஒரு விலையில் கொடுக்கும். அந்தந்த நாட்டு விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போகும்போது அதைவிடக் கூடுதல் விலை. ஆலைகளுக்கென்று போனதில் மிஞ்சியது அச்சிட்ட விற்பனைப் பெட்டி இல்லாமல் சாதாரண அட்டைப் பெட்டியில் ஐரோப்பிய இணையக் கடைகளுக்கு வந்து சேரும். அதோடு, பிரிட்டனுக்கு வெளியே அனுப்பும் பொருளுக்கு அந்நாட்டின் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. இத்தனையும் சேர்ந்தபோது, விநியோகஸ்தர் உள்ளூர்க் கடைக்காரருக்குச் சொல்லும் விலையைவிட, கடல் கடந்து வீட்டு வாசலுக்கு வரும் விலை குறைவாக இருந்தது. கடைக்காரர் தன் லாபத்தை முழுவதும் விட்டுக்கொடுத்தாலும் ஈடுகொடுக்க முடியாது. அவரைப் பேராசைக்காரர் என்று திட்டிய நாம் இதைத் தெரிந்துகொண்டு திட்டவில்லை.

இந்த அடி மிகப் பலமாக விழுந்த நாடு ஆஸ்திரேலியா. 2000 ஜூலை 1-இல் அங்கே 10 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 1,000 டாலர்வரையான பொட்டலத்துக்கு மட்டும் அந்த வரியும் இல்லை, சுங்கமும் இல்லை. சைக்கிள்காரர் தேடும் பெரும்பாலான பாகங்கள் அந்த ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். 2010-இன் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமாக உயர்ந்தது. 2011-இல் அதையும் தாண்டியது. பெர்த்திலும் பிரிஸ்பேனிலும் இருந்த கடைக்காரர்கள், தாங்கள் கொள்முதல் செய்யும் விலைக்குக் கீழே போர்ட்ஸ்மவுத்தில் சில்லறை விற்பனை நடப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெருவணிகர் ஜெர்ரி ஹார்வி தலைமையில் சில்லறை வணிகர்கள் இந்த விலக்கை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தபோது மக்கள் அவர்கள்மீதுதான் கோபப்பட்டார்கள். இத்தனை ஆண்டுகள் எங்களைச் சுரண்டியது போதாதா என்று கேட்டார்கள்.

அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் 2011-இல் ஆராய்ந்தது. விலக்கு நியாயமற்றது, ஆனால் இருக்கிற முறையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து வரி வசூலிக்க ஆகும் செலவு, வரும் வரியை விஞ்சும் என்றது. ஒரு வழியாக 2018 ஜூலை 1 முதல், ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் அங்கே விற்கும் வெளிநாட்டுக் கடைகளே வரியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. விலக்கு பிறந்து முழுதாக 18 ஆண்டுகள். சின்னக் கடை ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கக்கூடிய காலமா அது?

இந்தியாவில் வரிச்சுவர் எப்போதுமே உயரமாக இருந்தது. ஆனாலும் 5,000 ரூபாய்க்குட்பட்ட ‘அன்பளிப்பு’ என்ற வழி 2019 டிசம்பரில் அடைக்கப்படும்வரை திறந்திருந்தது. நம் ஊர் சைக்கிள்காரர்களும் விகிளையும் செயின் ரியாக்‌ஷனையும் நன்றாக அறிந்தவர்கள்தான். சுங்கம் கட்டியும்கூட, சில பாகங்கள் இங்கே கேட்ட விலையைவிடக் குறைவாகவே வந்து இறங்கின. பல பாகங்கள் இங்கே எந்த விலைக்கும் கிடைக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? விகிளை 2011-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய 18 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2016-இல் விகிளும் செயின் ரியாக்‌ஷனும் ஒன்றாயின. 2021-இல் அந்தக் கூட்டு நிறுவனம் ஜெர்மனியின் ‘சிக்னா ஸ்போர்ட்ஸ் யுனைடெட்’ கைக்குப் போனது. அது அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் பங்குச்சந்தையில் ஏறியது. கொரோனா காலத்தில் உலகமே சைக்கிள் கேட்டது. ஆலைகள் ஆண்டுக்கணக்கில் முன்பதிவு வாங்கின. சரக்கு வந்து சேர்ந்தபோது கேட்பாரில்லை. கிடங்குகள் நிரம்பி, வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட வேண்டிய நிலை. 2023 அக்டோபரில் தாய் நிறுவனமான சிக்னா ஹோல்டிங், தருவதாக உறுதி கொடுத்திருந்த 15 கோடி யூரோவை நிறுத்திக்கொண்டது. அந்த மாதமே விகிள் திவால் நிர்வாகிகளிடம் போனது. அடுத்த மாதம் சிக்னா ஹோல்டிங்கே திவால் மனு கொடுத்தது. பெயரும் முத்திரையும் 2024-இல் ஃப்ரேசர்ஸ் குழுமத்துக்குப் போயின.

பேரங்காடி விழுந்ததில் எனக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை. போர்ட்ஸ்மவுத் கிடங்கில் பெட்டி கட்டியவர்களும் கூலிக்காரர்கள்தான். நான் சுட்ட விரும்புவது வேறு. தொழில் தெரிந்த இரண்டு குடும்பக் கடைகளின் கையிலிருந்து அந்த வணிகம், சைக்கிளையே தொடாத நிதிக்காரர்களின் கைக்கு மாறி, அவர்களுடைய கடன் கணக்கில் மூழ்கியது. உள்ளூர்க் கடைகளின் லாபத்தை அழித்த விலை நிரந்தரமான விலையாகவும் இருக்கவில்லை. அந்த விலையை நம்பிக் கடைகள் மூடப்பட்ட ஊர்களில், இன்று இரண்டும் இல்லை.

விற்காத கடைக்கு வந்த வேலை

இதைவிட அழுத்தமான பாடம் 2023 செப்டம்பரில் வந்தது. ஜப்பானின் சகாய் நகரத்தில் 1921-இல் தொடங்கிய ஷிமானோ, சைக்கிள் பாகங்களில் உலகின் முதல் பெயர். அதன் உயர்தர ‘ஹாலோடெக்’ கிராங்குகள், அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் கைகள், உள்ளே வெற்றிடமாக இருக்கும்படி, இரண்டு பகுதிகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. எடை குறையும், வலு இருக்கும் என்பதற்காக அந்த வடிவம். 2012 ஜூன் முதல் 2019 ஜூன்வரை செய்யப்பட்ட அல்டெக்ரா, டியூரா-ஏஸ் வகைகள் சிலவற்றில் அந்த ஒட்டு விட்டுப்போய், கிராங்க் பிரிந்து உடைவது தெரியவந்தது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பு, 4,519 முறை இப்படிப் பிரிந்த புகார்கள் வந்ததாகவும், ஆறு பேர் எலும்பு முறிவு உள்ளிட்ட காயம் அடைந்ததாகவும் சொன்னது. அங்கே மட்டும் 6,80,000 கிராங்குகள். உலக அளவில் ஏறத்தாழ 28 லட்சம்.

மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஓட்டுகிறவரின் முழு எடையும் ஒரு கிராங்கில் இறங்கும். அந்த நொடியில் அது பிரிந்தால் என்ன ஆகும் என்பதை ஓட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஷிமானோ சொன்ன தீர்வு இது: வண்டியை அருகில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட கடைக்குக் கொண்டுபோங்கள், அவர்கள் பார்ப்பார்கள், ஒட்டு விட்ட அறிகுறி இருந்தால் மாற்றிக்கொடுப்போம். எந்த இணையக் கடையில் எத்தனை விழுக்காடு தள்ளுபடியில் வாங்கியிருந்தாலும், பார்க்கும் கண் உள்ளூரில்தான் இருக்க வேண்டியிருந்தது. உலகின் மிகப் பெரிய பாக நிறுவனமே, பொட்டலத்தில் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லவில்லை.

என் கிராங்கும் அந்தப் பட்டியலில் இருந்த வகை. அதுவும் கடல் கடந்து வந்தது. சென்னையில் ஒரு கடையில் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே நான் அதுவரை ஒரு டியூப்கூட வாங்கியதில்லை. கடை இளைஞர் கழற்றி, அழுக்கு போகத் துடைத்து, விளக்கைப் பிடித்து ஒட்டு வரியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பின்பக்கம் எண்ணை வாசித்துக் குறித்துக்கொண்டார். கிராங்க் நன்றாக இருந்தது. “பயப்படாம ஓட்டுங்க சார்” என்று அவர் சொன்னதற்கு எந்த இணையக் கடையின் பட்டியலிலும் விலை கிடையாது. அந்தக் கடை அதற்கு முந்தைய ஆண்டே மூடியிருந்தால் நான் யாரிடம் போயிருப்பேன்?

உள்ளூர்க் கடை என்பது விற்கும் இடம் மட்டும் என்று நினைப்பதால்தான் ஒப்பீடு தப்பாகப் போகிறது. அளவுகளின் குழப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 11 வேக ரோடு கேசட் (பல்சக்கர அடுக்கு), 10 வேகத்துக்கான பின்சக்கர ஃப்ரீஹப்பில் ஏறாது, வித்தியாசம் 1.85 மில்லிமீட்டர். இணையப் பக்கத்தில் இரண்டின் படமும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டி வந்த பிறகு தெரியும். திருப்பி அனுப்ப ஆகும் செலவு பொருளின் விலையில் பாதியைத் தின்னும். கடையில் மெக்கானிக் சக்கரத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஹெல்மெட், ஹேண்டில் பார், பிரேக் கட்டை போன்றவற்றில் போலிகளும் உலவுகின்றன. பெயர், எழுத்து, பெட்டி எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். தலை தரையில் மோதும்போதுதான் வேறுபாடு தெரியும். உயிரோடு தொடர்புள்ள எதையும், திரும்பிப் போய்க் கேட்கக்கூடிய ஆளிடம் வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

‘அதெல்லாம் வராது சார்’

கடைகளின் பக்கம் தவறே இல்லை என்று நான் எழுதினால் என் நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். வெளிநாட்டுக் கடையை நான் முதன்முதலில் தேடியதே, ஒரு பாகத்தைக் கேட்டபோது “அதெல்லாம் வராது சார், இருக்கிறதப் போட்டுக்குங்க” என்று ஒரு கடையில் சொன்னதால்தான். வருமா என்று விநியோகஸ்தருக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட அவர் செய்யவில்லை. உயரத்துக்கு ஏற்ற சட்டம் இல்லையென்றால் இருக்கிற சட்டத்தையே தலையில் கட்டுவதும், பெண்கள் சீட் பற்றிக் கேட்டால் கூட வந்த ஆணைப் பார்த்துப் பதில் சொல்வதும் நான் நேரில் பார்த்தவை. பிரெஸ்டா வால்வைப் பார்த்ததும் எங்கள் பம்பில் ஏறாது என்று கையை விரிக்கும் கடைகள் இன்னும் உண்டு. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சிறு மாற்றுக் குமிழை வாங்கி வைத்தால் தீரும் விஷயம்.

விநியோகஸ்தர்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியது இன்னும் அதிகம். ஒரே ஆலையில் செய்த ஒரே கேசட், ஒரு நாட்டில் ஒரு விலை, இன்னொரு நாட்டில் அதன் ஒன்றரை மடங்கு என்று விற்பனையாவது கடைக்காரரின் முடிவு அல்ல. அந்தக் கோபத்தை வாங்குபவர் மட்டும் அவர். மத்திய அரசு 2023-24 பட்ஜெட்டில் வெளிநாட்டுச் சைக்கிள்களுக்கான சுங்கத்தை 30 விழுக்காட்டிலிருந்து 35 ஆக்கியது. உள்நாட்டு ஆலைகளைக் காப்பது சரியான நோக்கம். ஆனால் இங்கே எவரும் செய்யாத பந்தயத் தரச் சைக்கிளுக்கும் அதே சுவரை எழுப்பினால் காப்பாற்றப்படுவது யார்? சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்ல காரியம். அந்த ஏழு விழுக்காடு கடைப் பலகையில் தெரிகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

ஆகவே திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் ஒரு கல்லூரிப் பெண், தன் ஊரில் எந்தக் கடையும் வரவழைத்துத் தராத 12 வேக செயினை வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறாள் என்றால் அவளை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்லத்தக்கது வேறொன்று. கடைக்குப் போய் ஷூவை மாட்டிப் பார்த்து அளவு தெரிந்துகொண்டு, கடைக்காரரின் அரை மணி நேரத்தையும் அவர் சொன்ன விவரங்களையும் எடுத்துக்கொண்டு, வாசல் படியிறங்கும்போதே செல்பேசியில் வேறிடத்தில் வாங்குவது. அது திருட்டு. கண்ணாடி அலமாரியில் இருக்கும் பொருளை எடுத்தால் மட்டும்தான் திருட்டு என்று நாம் நினைக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் கூடுதலாக முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கக் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள்; பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இந்த வண்டிகளையெல்லாம் ஓடவைத்தவர்கள் யார்? பள்ளிக்கூடத்துக்கு எதிரில், பேருந்து நிறுத்தத்தின் பின்னால், ஒரு பெட்டியும் ஒரு தொட்டித் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டவர்கள். பஞ்சர் ஒட்டி, வீல் பெண்டு எடுத்து, ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் பிரித்து ‘ஓவராயில்’ செய்து கொடுத்தவர்கள். லட்ச ரூபாய்ச் சைக்கிளில் ஞாயிறு காலை போகும் நானும், அரசு கொடுத்த சைக்கிளில் ஐந்து கிலோமீட்டர் பள்ளிக்குப் போகும் மாணவியும் நம்பியிருப்பது ஒரே கையைத்தான். நான் என் சாமானை எங்கே வாங்குகிறேன் என்பதால் அந்தக் கை தொழிலை விட்டுப் போனால், அவளுக்கு இணையத்தில் மாற்று வழி கிடையாது.

எங்கள் தெருமுனை அண்ணனிடம் வேலை பழக ஒரு பையன் வந்தான். கூர்மையான கண், ஸ்போக்ஸைச் சுண்டிப் பார்த்து, சத்தத்திலேயே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஒன்றரை ஆண்டில் போய்விட்டான். இப்போது உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். “நான் குடுக்கிறதுக்கு மேல அங்க கிடைக்குது, நான் என்ன சொல்லி நிறுத்துறது?” என்று அண்ணன் கேட்டார். பிபி செட்டுக்கு மரை எடுக்கத் தெரிந்த கடைசி ஆள் அந்தத் தெருவில் அவராகவே இருந்துவிடக்கூடும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு நான் அவரிடம் ஒரு காரியம் கேட்டுக்கொண்டேன். சாமான் எங்கே வாங்கினாலும் பரவாயில்லை, மாட்டும் கூலியைத் தனியாக எழுதி வையுங்கள் என்றேன். பெருங்கடைகளின் பணிமனைகளில் இந்த வழக்கம் இருக்கிறது. கார் பணிமனையில் கூலியைத் தனி வரியாகப் போட்டால் நாமும் கேள்வி கேட்பதில்லை. அவர் தயங்கினார். “எழுதி வெச்சா ஆள் வரமாட்டாங்க சார்” என்றார். பிறகு அவர் மகள் ஒரு பலகையில் எழுதிக் கொடுத்தாள். பஞ்சர், வீல் பெண்டு, கியர் சரிசெய்தல், பிரேக் கம்பி மாற்றுதல், முழு ஓவராயில். கடைசி வரி: ‘வெளியில் வாங்கிய பாகங்களும் மாட்டித் தரப்படும்.’ பிபி செட் மாட்ட 500 ரூபாய் என்று இருக்கிறது. எனக்கு 150 ரூபாய்க்குச் செய்த அதே வேலை.

ஆள் வருவது நிற்கவில்லை. முன்பு வெளிநாட்டுச் சாமானை மறைத்து, பழைய சாமான் மாதிரி அழுக்காக்கிக் கொண்டுவந்தவர்கள்கூட இப்போது பெட்டியோடு கொண்டுவருகிறார்கள். எதை வாங்குவது என்று வாங்குவதற்கு முன்பே கேட்கிறார்கள். கேட்பவர்களில் சிலர், வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் நீங்களே வரவழைத்துக் கொடுங்கள் என்கிறார்கள்.

உங்கள் தெருக்கடையிலும் இப்படி ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். வைத்த பிறகு, அதில் எழுதியிருக்கும் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.